யாருடைய மூளையோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்?

சென்ற மாதம் அம்மாவுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையைச் செம்பூர் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு ஸ்கேன் மையத்திலிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பல நாள் தலைவலி. அச்சப்பட ஒன்றுமில்லை என்பதே அறிக்கையின் சாரம். கடைசி வரியில் மட்டும் ‘வயதுக்கு ஏற்ற மூளைச் சுருக்கம்’ என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. அதைத் தமிழில் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வயசுக்கு ஏத்ததுன்னா, யாரு மூளையோட வச்சுப் பாத்துச் சொல்லுதாவ?” என்று கேட்டார்.

“டாக்டருக்குத் தெரியும்மா” என்று சொல்லி உறையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அறிவியல் வரலாற்றில் ஆய்வு செய்கிறவன் சொல்லத் தகுந்த விடை அன்று அது. தாம் பார்த்த பல்லாயிரம் படங்களின் நினைவையும் சில தர அளவுகளையும் கொண்டு கதிரியல் மருத்துவர் அந்த வரியை எழுதியிருப்பார். அதில் தவறேதும் இல்லை. ஆனால் அம்மாவின் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. ஒருவர் மூளையை இன்னொருவர் மூளையோடு பொருத்திப் பார்ப்பது எப்படி, பொருத்துவதற்கு அளவுகோலாக யாருடைய மூளையை வைப்பது என்ற சிக்கல் நரம்பியலை நூறாண்டுகளுக்கு மேலாகத் தொல்லைப்படுத்தி வந்திருக்கிறது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். நீளமான பதிவு, பொறுமையுள்ள நண்பர்கள் தொடரலாம்.

எந்த இரண்டு பேருடைய மூளையும் ஒரே வடிவில் இருப்பதில்லை. பெரிய மடிப்புகளும் பள்ளங்களும் ஏறக்குறைய எல்லோருக்கும் பொதுவானவை. சிறியவை கைரேகையைப் போல ஆளுக்கு ஆள் வேறுபடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் மாறும். அப்படியிருக்க, பத்துப் பேருக்கு ஒரே பணியைக் கொடுத்து, அவர்கள் மூளையில் எந்த இடம் இயங்குகிறது என்று கண்டு, அந்தப் பத்துப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டுமென்றால், முதலில் ‘ஒரே இடம்’ என்பதற்குப் பொருள் வேண்டும்.

அந்தப் பொருளைத் தந்தவர் பாரீஸ் நகரின் சான்-ஆன் மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ழான் தலைராக். (பெயரின் முன்பாதி தமிழரைப் புன்னகைக்க வைக்கும், தற்செயல்தான்.) அவருக்கு முதலில் ஆராய்ச்சிக்காக வரைபடம் தேவைப்படவில்லை. மண்டையைத் திறந்து உள்ளே ஆழத்தில் ஊசி செலுத்தும்போது எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். மூளையின் நடு ஆழத்தில், இரு பாதிகளையும் இணைக்கும் நரம்பிழைக் கட்டுகளில் சிறிய இரண்டு எல்லோரிடமும் தெளிவாகத் தென்படும். முன்னிணைப்பு ஒன்று, பின்னிணைப்பு ஒன்று. இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்து, அதை அச்சாக வைத்து, மூளை முழுவதையும் விகித அளவில் பெட்டிகளாகப் பிரித்தார் தலைராக். உங்கள் மூளை நீளமானால் பெட்டிகள் நீளும், குட்டையானால் சுருங்கும். இனி எந்த இடத்தையும் மூன்று எண்களால் சொல்லிவிடலாம்.

அவரும் பியர் தூர்னூவும் சேர்ந்து 1988இல் வெளியிட்ட நூல்தான் அடுத்த பல ஆண்டுகளுக்கு உலகெங்கும் மூளைப் படிம ஆய்வகங்களின் பொது முகவரிப் புத்தகமாக இருந்தது. அதற்கு முன்பே, 1985இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பாசிட்ரான் படிம ஆய்வு செய்தவர்கள் தலைராக்கின் பழைய அட்டவணையை எடுத்துக் கையாளத் தொடங்கியிருந்தார்கள். அந்த 1988ஆம் ஆண்டு நூலில் உள்ள மூளை ஒரே ஒருவருடையது. இறந்துபோன 60 வயதுப் பிரெஞ்சுப் பெண்மணி ஒருவருடையது. அதிலும் ஒரு பாதியைத்தான் அடிப்படையாகக் கொண்டார்கள். மறு பாதி அதன் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். மூளையின் இரு பாதிகளும் சமச்சீரானவை அல்ல என்பது அப்போதும் தெரிந்த செய்திதான்.

அந்த அம்மையாரின் பெயர் நூலில் இல்லை. அவர் பிறந்த ஊரோ, பேசிய பேச்சோ, செய்த தொழிலோ நமக்குத் தெரியாது. ஆனாலும் டோக்கியோவிலும் சாவ் பாவ்லோவிலும் ஆய்வுக்காகக் குழலுக்குள் படுத்த எத்தனையோ பேர், எண்களின் உலகில் சற்று நேரம் அவருடைய தலைக்குள் இழுத்துப் பொருத்தப்பட்டார்கள். என் அம்மாவின் கேள்விக்கு 1990 வாக்கில் நேர்மையான விடை சொல்ல வேண்டியிருந்தால், ‘பாரீஸில் இறந்துபோன உங்கள் வயதொத்த ஒரு பெண்’ என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஒருவர் போதாது என்று கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தார் 305 பேருடைய எம்.ஆர்.ஐ. படங்களை எடுத்துச் சராசரி மூளை ஒன்றை உருவாக்கினார்கள். 1990களின் தொடக்கம் அது. அந்த 305 பேரில் 239 பேர் ஆண்கள், 66 பேர் பெண்கள். எல்லோரும் வலக்கைப் பழக்கமுள்ளவர்கள். சராசரி வயது 23ஐ ஒட்டியது. பின்னர் 152 பேரைக் கொண்ட வார்ப்புரு ஒன்று வந்தது. இன்றும் பெரும்பாலான மென்பொருள்களில் இயல்பாக அமைந்திருப்பது அந்த வழிவந்ததுதான். பிரெஞ்சுப் பெண்மணியின் மூளையைவிட மான்ட்ரியல் சராசரி சற்றுப் பெரியது. ஆகையால் ஒரே எண்கள் இரண்டிலும் வெவ்வேறு இடங்களைக் குறித்தன. எந்த முறையில் எண்களைத் தருகிறோம் என்று குறிப்பிடாத கட்டுரைகளால் பல ஆண்டுகள் குழப்பம் நிலவியது.

இங்கே நான் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். தலையை அளந்து ஒப்பிடும் பழக்கம் எம்.ஆர்.ஐ. கருவியோடு நம் நாட்டுக்கு வந்ததன்று.

1825இல் ஜார்ஜ் மர்ரே பேட்டர்சன் என்னும் மருத்துவர் கல்கத்தாவில் மண்டையோட்டியல் கழகம் ஒன்றை நிறுவினார். மண்டையின் மேடுபள்ளங்களைத் தடவிக் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற அந்தக் காலத்து நம்பிக்கையின் கிளை அது. இங்கிருந்து மண்டையோடுகள் எடின்பரோவுக்குப் போயின. இந்துக்களின் தலை ஐரோப்பியரின் தலையைவிடச் சிறியது. ஆகவே சிலர் பலரை ஆள முடிகிறது என்பதே வாதத்தின் போக்கு. நூற்றாண்டின் இறுதியில் ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து, அந்த எண்ணுக்கும் சாதிப் படிநிலைக்கும் தலைகீழ்த் தொடர்பு கண்டார். சென்னையில் எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்தவர். கவராயமும் அளவுநாடாவுமாக ஊர் ஊராகச் சென்றவர். 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு வெளிவந்த அவருடைய ஏழு தொகுதிகளில் நம் பாட்டன் பூட்டன் தலைமுறையின் தலைநீளமும் மூக்ககலமும் பட்டியலாகக் கிடக்கின்றன. தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து எம் மக்கள் பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த காலமும் ஏறக்குறைய அதுவே.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் 1920இல் நிகழ்கிறது. நாகபுரியில் கூடிய அறிவியல் மாநாட்டில் விலங்கியல் அளவைத் துறையின் இயக்குநர் நெல்சன் அன்னண்டேல், கல்கத்தாவிலிருந்து வந்திருந்த இளம் இயற்பியல் பேராசிரியர் ஒருவரைச் சந்தித்தார். தம்மிடமிருந்த கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை ஆராய்ந்து தர முடியுமா என்று கேட்டார். அந்தப் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவர் புள்ளியியலுக்குள் ஆழமாக இறங்கிய வழிகளுள் அது ஒன்று. 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியதும் அவரே.

மகலனோபிஸ் கேட்ட கேள்வி முந்தையவர்களுடையதிலிருந்து வேறுபட்டது. ரிஸ்லிக்கு ஒற்றை எண் போதுமாயிருந்தது. மகலனோபிஸோ, பல அளவுகளை ஒருசேர எடுத்துக்கொண்டு இரண்டு குழுக்களுக்கு இடையே உள்ள தொலைவை எப்படிச் சொல்வது என்று கேட்டார். உயரமானவருக்குக் காலும் நீளமாகத்தான் இருக்கும். அவை இரண்டு தனிச் செய்திகள் அல்ல. ஒவ்வோர் அளவும் இயல்பாக எவ்வளவு ஊசலாடுகிறது, ஓர் அளவு இன்னொன்றோடு எவ்வளவு சேர்ந்தே மாறுகிறது என்பதைக் கழித்துவிட்டுத்தான் தொலைவைக் கணக்கிட வேண்டும். அதன் முழு வடிவம் 1936இல் வெளியானது. மகலனோபிஸ் தொலைவு என்று உலகம் அதை அழைக்கிறது. 1920களில் அதன் தொடக்க வடிவத்தைக் கொண்டு வங்காளத்துச் சாதிகளை அவர் ஒப்பிட்டபோது கிடைத்த முடிவுகளுள் ஒன்று: வங்காளப் பிராமணர்கள் வங்காளத்துக்கு வெளியே உள்ள பிராமணர்களைவிட வங்காளத்தின் பிற சாதியினருக்கே நெருக்கமானவர்கள்.

அவரும் இனக்கலப்பு என்ற அந்தக் காலத்துச் சொல்லாடலுக்குள் நின்றுதான் எழுதினார். அவரை இன்றைய மனிதராக்க நான் முயலவில்லை. ஆனால் ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. அவருடைய கணக்கில் ‘சரியான தலை’ என்று ஒன்று இல்லை. யாரும் நடுவில் நிற்கவில்லை. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையிலான தொலைவு மட்டுமே உண்டு. மண்டையை அளந்தவர்களின் குறிப்பேட்டிலிருந்து பிறந்த அந்தத் தொலைவின் ஒரு வடிவத்தை இன்று மூளைப் படிம ஆய்வாளர்கள், இரண்டு பொருள்களைப் பார்க்கும்போது மூளை காட்டும் எதிர்வினைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளக்கப் பயன்படுத்துகிறார்கள்.

2019இல் ஐதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெயந்தி சிவசாமி தலைமையிலான குழு, 100 இந்திய இளைஞர்களின் படங்களிலிருந்து ஒரு மூளை வார்ப்புருவை வெளியிட்டது. ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்த்ததில் மேற்கத்திய, சீன, கொரிய வார்ப்புருக்களைவிட அது நீளத்திலும் அகலத்திலும் உயரத்திலும் சிறியதாக இருந்தது. ஆய்வாளர்கள் சொல்ல வந்தது மருத்துவச் செய்தி: பெரிய வார்ப்புருவோடு ஒப்பிட்டால், நலமாக உள்ள இந்திய மூளையும் சுருங்கிவிட்டதைப் போலத் தோன்றக்கூடும், மறதிநோயின் தொடக்கத்தைக் கணிப்பதில் பிழை நேரலாம். நாளிதழ்த் தலைப்புகளில் வந்ததோ இந்தியர்களின் மூளை சிறியது என்பது மட்டும். அந்த வாரம் என் கைப்பேசிக்கு வந்த கேலிப் படங்களைப் பேட்டர்சன் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். மூளையின் பருமன் உடலின் பருமனோடு சேர்ந்து மாறுவது. ஒரு மக்கள்கூட்டத்தின் அறிவை அதிலிருந்து படிக்க முடியாது. இதைச் சொல்ல 2019இலும் ஆள் வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டே பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 6 முதல் 60 வயது வரையிலான நானூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களின் படங்களைக் கொண்டு ஐந்து வயதுப் பிரிவுகளுக்கு ஐந்து வார்ப்புருக்களை வெளியிட்டார்கள். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்திலிருந்து 113 பேரைக் கொண்ட ‘பிரம்மா’ என்னும் வார்ப்புரு வந்தது. பயனுள்ள பணிகள். அம்மாவின் வயது 68. நிம்ஹான்ஸ் வரிசை 60இல் நின்றுவிடுகிறது. அவருக்கு ஒத்த தலை இன்னும் அதில் ஏறவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வடிவத்தைப் பற்றியது. செயலைப் பொருத்துவது வேறு சிக்கல். எனக்கு அது இன்னும் சுவையானது.

அதற்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால்தான் விளங்கும். நான் பிறந்தபோது நாங்கள் தாராவியில் இருந்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. ஒரு மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு, அதற்கு மேலே பரணில் பாத்திரம், எதிர்ச் சுவரில் சாமி படங்கள். அம்மா ரயில் தடத்தைத் தாண்டி மாட்டுங்காவில் ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கப் போவார். விடுமுறை நாட்களில் நானும் போவேன். 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக்குக்குப் பிறகு நகர மேம்பாட்டு அறக்கட்டளை கோடு கிழித்துத் திட்டமிட்ட பகுதி அது. அந்த வீட்டில் கூடம், இரண்டு படுக்கையறை, பின்புறம் சமையலறை, அதை ஒட்டி ஒரு பால்கனி. பின்னாளில் நாங்கள் குடிவந்த செம்பூர் வீட்டில் வாசலைத் தாண்டினால் முதலில் வருவதே சமையலறை.

இந்த மூன்று வீடுகளின் வரைபடத்தையும் இழுத்தும் சுருக்கியும் ஒரே அளவாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ‘அடுப்பு எங்கே இருக்கிறது’ என்று சராசரி பார்த்தால் என்ன கிடைக்கும்? வீட்டின் நடுவில் எங்கோ ஒரு மங்கலான புகை. மூன்று வீடுகளிலும் அடுப்பு இருக்கிறது. சராசரி வீட்டில்தான் இல்லை. சுவர்களைப் பொருத்துவதால் அடுப்புகள் பொருந்திவிடாது.

மூளையிலும் இதுவே நடந்தது. முகங்களைப் பார்க்கும்போது இயங்கும் சிறு பகுதி ஒன்று புறணியின் அடிப்பக்கத்தில் உண்டு; நான்சி கேன்விஷர் குழுவினர் 1997இல் அதை விரிவாக விளக்கினார்கள். ஆனால் அது ஒவ்வொருவருக்கும் சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கும். அதனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு ஆராய்ந்தார்கள். இதுவும் ஒரு விடைதான். ஆனால் அடுப்பு ஒன்றைத் தேடலாம். வீட்டிலுள்ள ஒவ்வொரு தட்டுமுட்டுச் சாமானுக்கும் இப்படித் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

சுவர்களையே பார்க்காமல் வீடுகளைப் பொருத்த இன்னொரு வழி உண்டு. எங்கள் பகுதியில் மாநகராட்சித் தண்ணீர் விடியலில் சிறிது நேரம்தான் வரும். வந்த நொடியில் எல்லா வீட்டிலும் குடம் வைக்கும் இடம் விழித்துக்கொள்ளும். மின்சாரம் போனால் எல்லா வீட்டிலும் மெழுகுவத்தி வைத்திருக்கும் இடத்துக்கு ஒரு கை போகும். வானொலியில் செய்தி தொடங்கினால் ஒரு மூலை அடங்கும். ஒவ்வொரு வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் எந்த நேரத்தில் அசைவு எழுந்தது, எப்போது அடங்கியது என்று நாள் முழுவதும் குறித்துக்கொண்டால், வரைபடமே இல்லாமல், இந்த வீட்டின் இந்த மூலையும் அந்த வீட்டின் அந்த மூலையும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று சொல்லிவிடலாம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நாள் நிகழ வேண்டும்; அது மட்டுமே நிபந்தனை.

மூளைக்கு அப்படியொரு பொது நாள் எது? திரைப்படம். 2004இல் யூரி ஹாசனும் உடன் ஆய்ந்தவர்களும் ஐந்து பேரைக் கருவிக்குள் படுக்கவைத்து, செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தின் அரைமணி நேரத்தைக் காட்டினார்கள். ஒருவர் மூளையில் எழுந்த ஏற்ற இறக்கங்கள் மற்றவர் மூளையிலும் ஏறக்குறைய அதே நொடிகளில் எழுந்தன. புறணியின் பெரும்பரப்பில் இந்த ஒத்திசைவு தென்பட்டது. திரையரங்கில் அடுத்தடுத்து அமர்ந்திருப்போர் ஒன்றாகச் சிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு வியப்பிராது என்றாலும், எண்ணாக அளந்து காட்டியது பெரிய செயல்.

2011இல் ஜேம்ஸ் ஹாக்ஸ்பி, ஸ்வரூப் குண்டுப்பள்ளி முதலானோர் இதை அடுத்த படிக்கு உயர்த்தினார்கள். இம்முறை காட்டப்பட்டது ‘ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’, முழுப் படமும். டார்ட்மவுத், பிரின்ஸ்டன் ஆகிய இடங்களில் 21 பேர் பார்த்தார்கள். பார்வைப் பகுதியில் ஆயிரம் சிறு கனசதுரங்களை எடுத்துக்கொள்வோம். படத்தின் ஒவ்வொரு நொடியிலும் ஆயிரம் எண்கள். அந்த ஆயிரம் எண்களும் சேர்ந்து ஆயிரம் அச்சுகளைக் கொண்ட ஒரு வெளியில் ஒரு புள்ளி. படம் ஓட ஓட அந்தப் புள்ளி ஒரு பாதையை வரையும். உங்கள் பாதைக்கும் என் பாதைக்கும் உருவம் ஒன்றாக இருக்கும், திசைதான் மாறியிருக்கும். உங்கள் பாதையை அப்படியே பிடித்துச் சுழற்றி என் பாதையின்மேல் பொருத்த முடியுமா என்பதே கேள்வி. முடியும். மீப்பொருத்தம் என்று தமிழில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நண்பர்கள் நல்ல சொல் தந்தால் ஏற்பேன்.

அந்தச் சுழற்சியைக் கண்டுபிடிக்கும் கணக்குக்குப் புரோகிரஸ்டிஸ் முறை என்று பெயர். அதன் பொதுத்தீர்வை 1966இல் பீட்டர் ஷோனமன் தந்தார். புரோகிரஸ்டிஸ் கிரேக்கக் கதையில் வரும் வழிப்பறிக்காரன். விருந்தாளியைக் கட்டிலில் படுக்கவைப்பான். நெட்டையென்றால் காலை வெட்டுவான், குட்டையென்றால் இழுத்து நீட்டுவான். பெயர் வைத்தவர்கள் ஆளை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தச் சுழற்சி எதையும் இழுப்பதில்லை, சுருக்குவதில்லை. ஒருவருடைய வெளியில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருந்த தொலைவு சுழற்றிய பின்னும் அப்படியே இருக்கும். பூனைக்கும் நாய்க்கும் உங்கள் மூளை வைத்த வேறுபாடு உங்களுடையதாகவே நிற்கும். உண்மையில் அந்தக் கட்டிலை வைத்திருந்தவர்கள் பாரீஸ்காரரும் மான்ட்ரியல்காரர்களும்தான்.

பொருத்தமாவது உண்மையா என்று சோதிக்க, படத்தின் 18 நொடித் துண்டு ஒன்றின்போது ஒருவர் மூளையில் தோன்றிய கோலத்தை எடுத்து, மற்றவர்களுடைய கோலங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அது படத்தின் எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தார்கள். உடற்கூற்றின்படி மட்டும் பொருத்தியபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை சரியாக வந்தது. மீப்பொருத்தத்துக்குப் பிறகு 70 விழுக்காட்டளவுக்கு உயர்ந்தது. குருட்டாம்போக்கில் சொன்னால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. அந்த ஆயிரம் அச்சுகளும் 35 பொது அச்சுகளுக்குள் அடங்கிவிட்டன என்பது இன்னொரு முடிவு. படத்தைக் கொண்டு கண்ட பொருத்தத்தை, வேறொரு நாள் முகங்களையும் பொருள்களையும் காட்டி எடுத்த படிமங்களுக்குப் பயன்படுத்தினாலும் வேலை செய்தது. தனித்தனிப் படங்களைக் காட்டி வந்த பொருத்தத்தைவிடத் திரைப்படம் தந்த பொருத்தமே பரவலாகப் பயன்பட்டது; ஒரு நாளின் கலவரத்தில்தான் வீட்டின் எல்லா மூலைகளும் அசைகின்றன.

இந்தப் பொதுவெளி யாருடையது? கணக்கைத் தொடங்கும்போது யாராவது ஒருவரைப் பிடித்துக்கொண்டுதான் ஆக வேண்டும். முதலாமவரோடு இரண்டாமவரைப் பொருத்திச் சராசரி கண்டு, அதோடு மூன்றாமவரைப் பொருத்தி, எல்லோரும் சேர்ந்த பிறகு மறுபடி முதலிலிருந்து எல்லோரையும் அந்தச் சராசரியோடு பொருத்துவார்கள். முடிவில் நிற்கும் வெளி எவருடைய தலையும் அன்று. நடுவில் யாரையும் நிறுத்தாத மகலனோபிஸ் இங்கே எனக்கு நினைவுக்கு வருகிறார்.

ஆனால் குறைகளும் உண்டு. ஒரே நாளை எல்லோரும் ஒரே போலப் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை சிறியதன்று. இண்டியானா ஜோன்ஸைப் பார்த்து வளர்ந்த அமெரிக்கப் பல்கலைக்கழக நகரத்தாருக்கு அந்தப் படம் ஒன்று. துணை வரிகளைப் படிக்க முடியாத என் அம்மாவுக்கு அது வேறொன்று. கண்ணின் அடிப்படை வேலைகள் பொருந்திவிடும் என்று நம்புகிறேன். கதையைப் புரிந்துகொள்ளும் பகுதிகள் அப்படிப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் ஒரே ஊர் இளைஞர்களாக இருக்கும்போது கிடைக்கும் பொதுவெளி, மான்ட்ரியலின் 305 பேரைப் போல இன்னொரு ஊரின் சராசரியாகிவிடும் இடர் உண்டு. கட்டிலை மாற்றிவிட்டு அறையை மாற்றாமல் விட்டதாக ஆகிவிடக் கூடாது.

அதனால்தான் 2022இல் எவலினா ஃபெடொரென்கோவின் ஆய்வகத்திலிருந்து சைமா மாலிக்-மொராலெடா முதலானோர் வெளியிட்ட ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். 45 மொழிகள், 12 மொழிக்குடும்பங்கள். பெரும்பாலும் மொழிக்கு இருவர். ஒவ்வொருவருக்கும் ‘ஆலிஸின் அற்புத உலகம்’ கதையின் பகுதிகளை அவரவர் தாய்மொழியில் ஒலிக்கவைத்தார்கள். அதே ஒலியைச் சொற்கள் விளங்காதபடி சிதைத்தும், தெரியாத மொழி ஒன்றையும் கேட்கவைத்து வேறுபாட்டைப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் மொழியின் இடத்தைத் தனித்தனியே தேடிக் கண்டார்கள். யாரையும் யாருடைய தலைக்குள்ளும் இழுத்துத் திணித்து முடிவு சொல்லவில்லை. இடப்பக்க நெற்றி மடலிலும் பொட்டு மடலிலும் பரவிய அந்த வலை எல்லா மொழியினரிடமும் தென்பட்டது. பட்டியலில் தமிழ் இருக்கிறது. தெலுங்கும் மராத்தியும் இந்தியும் குஜராத்தியும் இருக்கின்றன. அம்மா காய்கறி வாங்கும் சந்தையில் ஒரு காலைப்பொழுதில் கேட்கும் மொழிகள் அவை. மொழிக்கு இருவர் என்பது மிகக் குறைவு. மொழிகளுக்கிடையே வேறுபாடு உண்டா என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. அந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை.

நேற்று இரவு இதையெல்லாம் சுருக்கி அம்மாவிடம் சொன்னேன். பிரெஞ்சுப் பெண்மணியின் கதையைக் கேட்டதும், “அந்தப் பிள்ளைக்குப் பேரு கூட எழுதலையா?” என்றார். திரைப்படச் சோதனையைச் சொன்னபோது, அந்தக் குழாய்க்குள் கிடந்த இருபது நிமிடமும் அடித்த சத்தத்தில் எந்தப் படத்தை யார் பார்க்க முடியும் என்று கேட்டார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, படுத்தபடி கண்ணாடியில் தெரியும் திரையைப் பார்ப்பார்கள் என்றேன். “என்ன படம்னு சொல்லு, வேணும்னா நானும் போறேன்” என்றார். ‘திருவிளையாடல்’ என்றால் வருவாராம்.